ஒரு வீட்டுக்கு ஒரு வானம்

வன்னிமேட்டில் ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, நெடுஞ்சாலைக்கு மேற்கே இருந்தவர்களுக்கெல்லாம் காலடியில் பூமி சுற்றுவது தெரிய ஆரம்பித்தது. அதே ஆறேகால் மணிக்குச் சாலைக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கெல்லாம் தலைக்கு மேல் சூரியன் நகர்வது கேட்க ஆரம்பித்தது. மேலண்டையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் கிழக்கே பார்த்துச் சரிந்து, கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள்; கொடிக்கயிற்றைப் பிடித்தவர்கள் துணியோடு விழுந்தார்கள், மாட்டின் வாலைப் பிடித்தவர்கள் உதை வாங்கினார்கள், சூரியன் நின்ற இடத்தில் நிற்க ஊர்தான் அதை நோக்கிக் குனிந்து போகிறது என்பதை ஒவ்வொருவரும் அடிவயிற்றில் உணர்ந்தார்கள். கீழண்டையில் தரை தரையாகவே இருந்தது. அங்கே ரோடு போடும் ரோலர் வருகிற மாதிரி ஒரு கடகடப்பு கிழக்கிலிருந்து புறப்பட்டு, தென்னைகளைத் தாண்டி, கூரைகள் மேல் ஏறி, உச்சிவேளையில் ஓடுகளை அதிரவைத்து, சாயங்காலம் மேற்கே இறங்கி, பிறகு விடியும்வரை பாய்க்கு அடியில் எங்கோ ஆழத்தில் போய்க்கொண்டிருந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. யார் செய்த வேலை என்றுதான் கேட்டார்கள்.

நான் ரெங்கநாயகி, கீழண்டைக்காரி. பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பாலைப் பரிசோதிக்கிறேன். டெஸ்டர் அம்மா என்றால்தான் ஊரில் தெரியும். கேனைத் திறந்ததும் லாக்டோமீட்டரைப் போட்டு, அது எவ்வளவு முங்குகிறது என்று பார்த்து, யார் தண்ணீர் கலந்தது என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு நல்ல பால் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே நம்பிக்கை வராது. நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டதற்கும் அதுதான் காரணம் என்று என் தம்பி சௌந்தர் கேலி செய்வான். பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் நான் கேனைப் பார்க்கிற மாதிரியே பார்த்தேனாம். சங்கக் கட்டிடம் இருப்பது சாலை நடுவில். சாலை அங்கே இரண்டாகப் பிரிந்து கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு போகும், கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல், அதனால் இரண்டு பக்கத்துச் சங்கதியும் என் காதில் விழாமல் போகாது.

முதல் மூன்று மாதம் அது இடத்தைப் பொறுத்ததாக இருந்தது. மேலண்டைக்குப் போனால் நமக்கும் தரை நகரும், கீழண்டைக்கு வந்தால் அவர்களுக்கும் கூரை அதிரும். மேலண்டைக்காரர்கள் சுவர் நெடுகக் கயிறு கட்டினார்கள், கோலம் போடுகிற பெண்கள் ஒரு கையால் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புள்ளி வைத்தார்கள், குழம்பானாலும் காபியானாலும் பாத்திரத்தில் முக்காலுக்கு மேல் ஊற்றுவதில்லை என்று பழகினார்கள். நாங்கள் உச்சிவேளையில் பேச்சை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, சூரியன் கூரையைக் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசப் பழகினோம். ஆனி மாதம் ஆனபோது இடத்தில் இருந்த சங்கதி ஆளுக்குள் போய்விட்டது. மேலண்டைக்காரர் எங்கே போனாலும் அவருக்குத் தரை நகர்ந்தது, கீழண்டைக்காரர் எங்கே போனாலும் அவருக்குத் தலைக்கு மேல் கடகடத்தது, பார்த்தால் யாருக்கு எது என்று தெரியவே தெரியாது. அன்றைக்குப் பிடித்தது ஊருக்குச் சந்தேகம்.

எங்கள் பக்கத்துக்குப் பேசுகிறவர் மைக்செட் கோதண்டம். அந்தப் பக்கத்துக்குப் பேசுகிறவர் லேத்துப் பட்டறை துரைசிங்கம். தினமும் காலையில் பால் வரிசை கலைந்ததும் இருவரும் சங்கத்தின் இரண்டு வாசலிலும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் நான் கேன் கழுவிக்கொண்டிருக்க, என் தலைக்கு மேலாகச் சண்டை போடுவார்கள்.

“பூமி சுத்துதுன்னா மேல எறிஞ்ச கல்லு ஏன்யா கையிலயே வந்து விழுது? பத்தடி தள்ளியில்ல விழணும்?” என்பார் கோதண்டம்.

“ஓடுற ரயில்ல காசச் சுண்டிப் பாருங்க, பக்கத்துப் பெட்டியிலயா போய் விழுது? எல்லாம் சேர்ந்து போவுதுங்க.”

“சரி, அவ்வளவு தூரம் சுத்தி வர்றோம்கிறீங்களே, சித்திரையில தெரியிற நட்சத்திரக் கூட்டம் ஐப்பசியில கொஞ்சமாவது கோணலாத் தெரியணுமா இல்லையா? ஒரு இம்மி மாறலையே!”

“அதெல்லாம் ரொம்பத் தூரத்துல இருக்குதுங்க.”

“எவ்வளவு தூரம்? யாரு அளந்தது? உங்க மாமனாரா?”

அடுத்த நாள் துரைசிங்கத்தின் முறை. சனி கிரகம் வருடத்தில் சில மாதம் பின்னால் போகிறதே, அது ஏன் என்று கேட்டார். கோதண்டம் சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் மேல் இன்னொரு சின்ன வட்டம் போட்டு, அதன் மேல் இன்னொன்று போட்டு, கடைசியில் தரை முழுக்க ஜாங்கிரி பிழிந்த மாதிரி ஆகிவிட்டது. துரைசிங்கம் அதைப் பார்த்துச் சிரித்தார். நம்முடைய பஸ் பக்கத்து பஸ்ஸை முந்தும்போது அது பின்னால் போகிற மாதிரித் தெரிகிறதே, அவ்வளவுதான், இதற்கு எதற்கு இத்தனை ஜாங்கிரி என்றார். அவர் சொன்னது சுருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் சுருக்கமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீர் கலந்தவர்கள்தான் சுருக்கமாகப் பேசுவார்கள்.

அப்புறம் ஒரு நாள் துரைசிங்கம் எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலையே இழுத்தார். “உங்க கோயில் நவகிரகத்துலயே சூரியன்தானே நடுவுல நிக்கிறாரு, மத்தவங்கதானே சுத்தி நிக்கிறாங்க?” என்று கேட்டார். கோதண்டம் இரண்டு நாள் நாற்காலி போடவில்லை. மூன்றாம் நாள் வந்து, “கல்யாண வீட்டுல மாப்பிள்ளைய நடுவுல உக்கார வைக்கிறோம், அதுக்காக ஊரே அவரச் சுத்துதுன்னு அர்த்தமா? ஒன்பது பேருல பூமி எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்பம். பூமி நாம நிக்கிற எடம், அதனாலதான் அதுக்குச் சிலை வைக்கல” என்றார். எங்கள் பக்கத்தில் கைதட்டினார்கள். அந்தப் பக்கத்தில், இது இரண்டு நாள் யோசித்துச் சொன்ன பதில் என்று சொல்லிக்கொண்டார்கள்.

சந்திர கிரகணம் ஒன்று வந்தது. எங்கள் பக்கம் ஒரு கணக்குப் போட்டு நேரம் சொன்னது, அந்தப் பக்கம் வேறு கணக்குப் போட்டு நேரம் சொன்னது, இரண்டும் ஏழு மணி பன்னிரண்டு நிமிடம் என்றே இருந்தது, கிரகணமும் மரியாதையாக ஏழு பன்னிரண்டுக்கே பிடித்தது. அத்தோடு சண்டை தீர்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் தீரவில்லை. கணக்கை அவர்கள் திருடிவிட்டார்கள் என்று நாங்கள் சொன்னோம், நாங்கள் திருடிவிட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள், மறுநாள் பால் வரிசையில் மூன்று மண்டை உடைந்தது.

அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டார்கள். அதுவரை அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். ஒரு வீட்டுக்கு ஒரு வானம். ஒரே கூரைக்குக் கீழே தரை நகர்கிறவரும் நகராதவரும் சேர்ந்து இருக்கக் கூடாது, கலந்திருந்தால் பிரிந்துவிட வேண்டும், குழந்தை எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கத்தில்தான் வளர்க்க வேண்டும், அந்தப் பக்கத்து மனுஷர்தான் அதைக் கூட்டிப் போக வேண்டும், மற்றவர் சாலையைத் தாண்டக் கூடாது. அந்த வருடத்தில் ஏழு குடும்பம் பிரிந்தது. ஏழு குடும்பமும் எனக்குப் பால் ஊற்றுகிறவர்கள். கணவன் கிழக்கு வாசலில் நிற்பான், மனைவி மேற்கு வாசலில் நிற்பாள், நடுவில் நான் லாக்டோமீட்டரைப் போட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒருவருக்கொருவர் பேச வேண்டியதை என்னிடம் பால் கணக்கு கேட்கிற மாதிரிக் கேட்பார்கள்.

சௌந்தர் மேகலாவைக் கூட்டிவந்தது அதற்கடுத்த தை மாதம். அவள் வெளியூர்ப் பெண், பத்து மாதமாக மேலண்டை கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அந்தப் பக்கத்தில் அத்தனை நாள் தங்கினால் வெளியூர்க்காரருக்கும் அது பிடித்துக்கொள்ளும், பத்து மாதம் என்றதுமே எனக்கு இடித்தது. கல்யாண மண்டபத்தில், குத்துவிளக்கின் மேல் கைவைக்கச் சொல்லி, கோதண்டம் மைக்கில் மூன்று தடவை கேட்டார்.

“உனக்குத் தரை நகருதாம்மா?”

“இல்லீங்க.”

மூன்று தடவையும் அதே பதில், அதே குரல், கொஞ்சம்கூட ஏறாமல் இறங்காமல். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. உண்மை சொல்கிறவர்கள் மூன்றாம் தடவை கேட்டால் கோபப்படுவார்கள்.

அவள் நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட வாரத்தில் சொல்லாமலே தினமும் வெந்நீர் வைத்து எடுத்து வந்தாள். என்னை அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு, சங்கத்தில் யார் பாலில் என்ன இருந்தது என்று கேட்டு, வயிறு வலிக்கச் சிரிப்பாள். ஆனாலும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்ப்பதை நிறுத்த எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் டம்ளர் வழியக் காபி ஊற்றுவாள், தனக்கு மட்டும் முக்கால் டம்ளர். காலை ஆறேகாலுக்கு, என்ன வேலையில் இருந்தாலும், ஒரு கை ஜன்னல் கம்பிக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விட, உச்சிவேளையில் ஓடு அதிரும்போது நானும் சௌந்தரும் அண்ணாந்து பார்ப்போம், அவளும் பார்ப்பாள். ஆனால் முதலில் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பார்ப்பாள். ஒரு கண் இமைக்கிற நேரம்தான் வித்தியாசம். அவளுக்குக் கேட்கவில்லை.

இதை நான் மனதிலேயே வைத்திருக்கலாம். அவளுக்கு அப்போது ஏழு மாதக் கர்ப்பம். ஆனால் ஒரு நாள் பால் வரிசையில் கோதண்டத்தின் மனைவி அலமேலு, “உங்க வீட்டுப் பொண்ணு எப்படியிருக்கா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள், நான் கேனுக்குள் பார்த்தபடியே, “உச்சிவேளைக்கு எங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் அண்ணாந்து பாக்குறா” என்று சொல்லிவிட்டேன். கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத வியாதி எனக்கு. வேறு எதுவும் சொல்லவில்லை. அவ்வளவு போதுமாக இருந்தது.

கோதண்டம் பிரசவம் முடியட்டும் என்று காத்திருந்தார். பெண் குழந்தை பிறந்தது. அவருக்கும் முன்னால் துரைசிங்கம் ஆள் அனுப்பிவிட்டார்: தாய் எங்கள் பக்கம் என்றால் பிள்ளையும் எங்கள் பக்கம், தாயையும் பிள்ளையையும் அனுப்புங்கள், சௌந்தர் அங்கேயே இருக்கட்டும் என்று. கோதண்டம் உடனே, தாய் எப்படியோ போகட்டும், குழந்தை கீழண்டைக் கூரைக்குக் கீழே பிறந்தது, அதை விடமாட்டோம், தாய் மட்டும் சாலையைத் தாண்டட்டும் என்றார். பச்சைக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதைப் பற்றி இரண்டு பக்கமும் இரண்டு மாதம் மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பக்கம் தெரியாமல் பெயரும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவள் பாப்பா என்றே இருந்தாள்.

அப்போது ஒரு நாள் மேகலா என்னிடம் வந்து நின்றாள்.

“அண்ணி, அலமேலு அக்காகிட்ட நீங்கதான் சொன்னீங்களா?”

“ஆமா.”

“எனக்குத் தரை நகருறது நெஜம்தான். நகர்ந்தா நகர்ந்துட்டுப் போவுது. நான் எங்கயாவது விழுந்தேனா? யார் மேலயாவது இடிச்சேனா?”

சௌந்தர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது அவன் முகத்திலிருந்தே எனக்குப் புரிந்தது. அதன் பிறகு இருவரும் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வெந்நீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

குழந்தை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வழி சொன்னவர் துரைசிங்கம். ஒற்றைக் கயிற்றில் தொங்குகிற எதையும் ஒரு கோட்டின் மேல் ஆட்டிவிட்டால், கீழே தரை சுற்றுகிறது என்றால் கோடு கொஞ்சம் கொஞ்சமாக விலகும், சுற்றவில்லை என்றால் விலகாது என்றார்; தன் பட்டறையில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டுக் காட்டவும் தயார். “உங்க பட்டறைக் குண்டு உங்களுக்குத்தான் சாட்சி சொல்லும்” என்று கோதண்டம் ஒத்துக்கொள்ளவில்லை. குண்டு வேண்டாம், குழந்தையையே தூளியில் போட்டு ஆட்டலாம், தூளியும் ஒற்றைக் கயிற்றில்தானே தொங்குகிறது, குழந்தையின் சுபாவம் தூளியில் தெரியும் என்று இரண்டு பக்கமும் முடிவு செய்தார்கள். சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக முடிவு செய்தார்கள்.

இடம் பால் சங்கம். பெரிய தராசு தொங்கிய கொக்கியில் தூளியைக் கட்டினார்கள். மேகலாவின் பச்சைப் புடவை. கீழே அரிசி மாவால் வாசலுக்கு வாசல் ஒரு நேர்கோடு இழுத்தார்கள், கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பக்கமும் தனித்தனியாக நூல் பிடித்தார்கள். காலை ஆறேகாலிலிருந்து மாலை ஆறேகால் வரை ஆட்ட வேண்டும். ஆட்டுகிறவர் கோணலாகத் தள்ளினால் எல்லாம் கெட்டுவிடும் என்பதால் ஆட்டுகிற ஆள் யார் என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் என் பெயரைச் சொன்னார்கள். எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது, அதனால் என்னை நம்பலாம் என்றார் துரைசிங்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழந்தையை எடுத்துப் பின்னால் இருக்கிற குளிரூட்டும் அறைக்குள் போய் மேகலா பால் கொடுக்கலாம், கால் மணி நேரத்தில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும்.

அன்று காலை சங்கத்தில் எள் போட இடமில்லை. கிழக்கு வாசலில் எங்கள் பக்கம், மேற்கு வாசலில் அந்தப் பக்கம், எல்லோர் கண்ணும் தரையில் கிடந்த மாவுக்கோட்டில். அந்தப் பக்கத்து ஆட்கள் குனிந்து பார்த்தால் எங்கள் ஆட்களும் குனிந்தார்கள், எங்கள் ஆட்கள் தும்மினால் காற்று பட்டுவிட்டது என்று அவர்கள் கத்தினார்கள். நான் தூளியைத் தள்ளினேன். கோட்டின் மேலேயே போய்க் கோட்டின் மேலேயே திரும்பி வந்தது. குழந்தை கொஞ்ச நேரம் அழுதது, பிறகு புடவைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது, பிறகு தூங்கியது. இந்தக் கோடு விலகினால் அவள் தகப்பனை விட்டுப் போக வேண்டும், விலகாவிட்டால் தாயை விட்டுப் போக வேண்டும், இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது என் வாய்.

எட்டேகாலுக்கு மேகலா வந்து எடுத்துப் போய்க் கொண்டுவந்து போட்டாள். பத்தேகாலுக்கும் வந்தாள், எடுத்துப் போனாள். சௌந்தர் என் பக்கத்தில் வந்து, ஒரு மாதமாகப் பேசாதவன், “அக்கா, வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்” என்றான். நான் தலையை ஆட்டினேன். கால் மணி கழித்து மேகலா குளிரூட்டும் அறையிலிருந்து துணியில் சுற்றிய குழந்தையைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து, தட்டிக்கொடுத்து, தூளிக்குள் வைத்து, புடவை விளிம்பை இழுத்து மூடினாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். தலைவலிக்கிறது, உள்ளே கொஞ்சம் படுக்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நான் தூளியைத் தள்ளினேன்.

குழந்தையைத் தள்ளினால் கை கொஞ்சம் உள்ளே போகும், துணிக்குள் ஒரு மெத்தென்ற சூடு இருக்கும். இது அப்படி இல்லை. தள்ளிய கை அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருடம் நான் தினமும் தூக்கி வைத்த சங்கதி அது, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சங்கத்து ஐந்து கிலோ எடைக்கல். குளிரூட்டும் அறையின் மூலையில் கிடந்தது. அந்த அறைக்குப் பின்பக்கம் ஐஸ் இறக்குகிற ஜன்னல் ஒன்று உண்டு, அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் வாய்க்கால் கரை, கரையில் ஒரு பைக் நிற்கத் தாராளமாக இடம் இருக்கும்.

என் வாய் வரை வந்துவிட்டது. பொய் என்று தெரிந்த அந்த நிமிடம் என் வாய் தானாகத் திறக்கும், அது என் தொழில், அது என் பிறவிக் கோளாறு. எதிரே கோதண்டம் மாவுக்கோட்டை முறைத்துக்கொண்டிருந்தார். மேற்கு வாசலில் துரைசிங்கம் முறைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரில் ஒருவராவது குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒருவரும் பார்க்கவில்லை.

“என்ன டெஸ்டர் அம்மா, கை நின்னுபோச்சு?” என்றார் துரைசிங்கம்.

“புள்ள தூங்குது. சத்தம் போடாதீங்க” என்றேன்.

அதற்குப் பிறகு அத்தனை கூட்டமும் கிசுகிசுவென்றுதான் பேசியது. நான் தள்ளினேன், அது போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது, கூட்டத்தின் தலைகள் எல்லாம் அதோடு சேர்ந்து போய் வந்தன. பன்னிரண்டேகாலுக்கு நானே எழுந்து, “அவளுக்கு முடியல, நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லி, கல்லைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரிக் கழுத்துக்குக் கைகொடுத்துத் தூக்கி, தோளில் சாய்த்து, குளிரூட்டும் அறைக்குள் போனேன். அறை காலி. ஜன்னல் திறந்து கிடந்தது. கேன்களுக்கு நடுவில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, கல்லை மடியில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் அழுதேன். அவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லையே என்று அழுதேன், சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ என்று பயந்தும் அழுதேன். இரண்டேகாலுக்கும் போனேன். நாலேகாலுக்கும் போனேன். அதற்குள் அவர்கள் எத்தனை ஊர் தாண்டியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முழுக் கால் மணி நேரம் உட்கார்ந்தேன், ஒரு நிமிடம் குறைக்கவில்லை.

மாலை ஆறேகாலுக்குத் தூளி மாவுக்கோட்டை விட்டு ஒரு சாண் விலகி ஆடிக்கொண்டிருந்தது. மேலண்டையில் விசில் அடித்தார்கள்.

“பாத்தீங்களா, தூளி அது பாட்டுக்கு ஆடுது, கீழ தரைதான் திரும்பியிருக்கு! புள்ள எங்க புள்ள!” என்றார் துரைசிங்கம்.

“தரை எங்கய்யா திரும்புச்சு? நாங்க காலையிலேர்ந்து இதே தரையிலதான் நிக்கிறோம். தூளிதான் திரும்பியிருக்கு. சூரியன் மேல போகையில தன்னோட சேர்த்து இழுத்துட்டுப் போயிருக்கு. புள்ள எங்க புள்ள!” என்றார் கோதண்டம்.

கோடு விலகினால் என்ன அர்த்தம் என்று ஒரு மாதம் பேசியவர்கள், விலகியது கோடா தூளியா என்று யார் சொல்வது என்பதைப் பேசிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவரவருக்கு அது சரியாகத்தான் இருந்தது. இரண்டு வாசலிலிருந்தும் ஆட்கள் உள்ளே பாய்ந்தார்கள், புடவையின் ஒரு தலைப்பை எங்கள் பக்கம் பிடித்தது, மறு தலைப்பை அந்தப் பக்கம் பிடித்தது, நான் விலகிக்கொண்டேன், பச்சைப் புடவை நடுவில் கிழிந்தது.

கல் விழுந்த சத்தத்தில் தரை ஓடு ஒன்று உடைந்தது. மாவு பறந்து எல்லோர் கால் மேலும் படிந்தது. சுற்றிய துணி விலகி, ஐந்து கிலோ என்று பொறித்த பக்கம் மேலே தெரிய அது கிடந்தது. முதலில் அலமேலுதான் என் பக்கம் திரும்பினாள், பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் திரும்பினார்கள்.

“உனக்குத் தெரியுமா?” என்றார் கோதண்டம்.

“பத்தரை மணிலேர்ந்து தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா புள்ளையப் புடிச்சுட்டு வந்து மறுபடி போட்டு ஆட்டுவீங்க. அதான் சொல்லல.”

“துரோகி” என்று கிழக்கு வாசலிலிருந்து யாரோ சொன்னார்கள், “கள்ளி” என்று மேற்கு வாசலிலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்குக் கோபமே வரவில்லை.

“இதுவும் ஒரு சாண் திரும்பியிருக்கு, எல்லாரும்தான் பாத்தீங்க. எந்தப் பக்கத்துப் புள்ளைன்னு பேசி முடிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

ஒருவரும் குனியவில்லை. கோதண்டம் துரைசிங்கத்தைப் பார்த்தார், துரைசிங்கம் தரையைப் பார்த்தார், பிரிந்துபோன ஏழு குடும்பத்தில் ஒருத்தி மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசலில் நின்ற தன் புருஷனைப் பார்த்து வாய்விட்டு அழத் தொடங்கினாள். ரொம்ப நேரம் காத்திருந்தேன். பிறகு நானே குனிந்து, மாவைத் தட்டிவிட்டு, கல்லை எடுத்து, என்னை அறியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். வழிவிட்டார்கள்.